கார் டேப்புக்கு ஒரு ஒயர்

அந்தச் சேர் வேண்டாங்க தம்பி, அதுக்கு ஒரு கால் விரிசல் உட்டிருக்குது. இப்படி வாங்க, இது நல்லா இருக்குது. நவாசுகிட்ட வந்தா உக்காந்துதான் ஆகணும். வேலை சுத்தமா இருக்கும், அவசரப்பட்டா மட்டும் ஆகாது. நீங்க எதுக்கு வந்தீங்க? ஹாரன் மாத்தவா? அது சுளுவா முடிஞ்சிரும். என்னுதுதான் இழுக்குது. அதோ, முன்கதவைத் திறந்து வெச்சு உள்ளேருந்து ஒயரெல்லாம் தொங்குதுங்களே, அந்த வெள்ளை வண்டிதான்.

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கத்துக் காது சுத்தமா இல்லை, அந்தப் பக்கத்துக் காது பாதி. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே தறிக் குடோனுக்குள்ள கெடந்தவன் நான். எட்டுத் தறியும் ஓடுச்சுன்னா பக்கத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாதுங்க. ஒரு வார்த்தை சொல்லணும்னாலும் கத்தித்தான் சொல்லணும். அந்தப் பழக்கம் தறியை வித்த பொறகும் போகலை. சும்மா பேசினாக்கூட, ஏன் சண்டை போடறீங்கன்னு கேக்கறாங்க.

இதைப் பாருங்க. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இதுக்குள்ள ஆயிரம் பாட்டு புடிக்குமாம். ஓரத்துல மைக்குப் படம் போட்டு ஒரு பொத்தான் இருக்குது, அது எதுக்குன்னு எனக்குத் தெரியலை. என்ற பையன் சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப அவங்கம்மாவுக்கு வாங்கியாந்து குடுத்தது. எனக்கு ஒரு டார்ச் லைட்டு. சரி, அது போகட்டும். வண்டில இருக்கறது கேசட் போடற பழைய டேப்பு. இந்தப் பொட்டியை அதுல மாட்டணும், ஆனா மாட்டறதுக்கு அதுல ஓட்டையே இல்லை. நவாசு என்ன சொல்றான்னா, டேப்பைக் கழட்டி, உள்ள ஈயம் வெச்சு ஒரு ஒயரைப் பத்த வெச்சு, நுனியை வெளிய இழுத்து உட்டுட்டா, இதைச் சொருகிப் பாட்டுக் கேக்கலாங்கறான். பண்ணுன்னுட்டேன்.

இந்தப் பழைய வண்டிக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடறான் இந்தாளுன்னுதானே பாக்கறீங்க? சொல்றேன். இன்னிக்கு இந்த வண்டில போயி என்ற வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரணும். கோபில அவங்க அண்ணன் வீட்டுல இருக்கறா. தை மாசம் போனவ, இன்னும் வரலை.

சண்டையெல்லாம் இல்லீங்க. அதான் எனக்கு இன்னும் புரியலை. சண்டை போட்டுட்டுப் போனாக் காரணம்னு ஒண்ணு இருக்கும். எங்க வீட்டுல சண்டையே வந்ததில்லை. துளசிமணி ஒரு வார்த்தை எதுத்துப் பேசினவ இல்லை. ஒரு தடவை சொன்னாப் போதும், கேட்டுக்குவா. கல்யாணம் ஆன புதுசுல பாருங்க, எப்பப் பாத்தாலும் பாடிட்டே இருப்பா. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளில துணி தொவைக்கறப்ப, அடுப்புக்கிட்ட நிக்கறப்ப, அவளாவே வாய்க்கு வந்ததைக் கட்டிக் கட்டிப் பாடுவா. எங்க தறியில அப்ப ஆறு ஆம்பளைங்க வேலை செஞ்சாங்க. நான் ஒரே ஒரு நாள் சொன்னேன், இந்தா புள்ளே, வேத்து ஆம்பளைங்க வந்து போற எடம், பாட்டெல்லாம் வேண்டாம்னு. அவ்வளவுதான். அன்னைக்கு நிறுத்தினவ, இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவங்க அவ. இந்தக் காலத்துல யாரு கேப்பா?

என்னங்க? இல்லை இல்லை, பாட்டுன்னா அவளுக்குப் புடிக்காமப் போயிரலை. கேக்கறதுக்குப் புடிக்கும். அதனாலதானே பையன் இதை வாங்கியாந்தான். இருங்க, அதைத்தான் சொல்ல வர்றேன்.

நாங்க தறி ஓட்டினப்ப, கரண்ட் போனாத்தான் எங்களுக்கு ஓய்வு. அப்பெல்லாம் கரண்ட் எப்பப் போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். போச்சுன்னா நான் வேப்பமரத்தடியில கட்டிலைப் போட்டுச் சாஞ்சுக்குவேன். அவ இந்தப் பொட்டியைத் தூக்கிட்டு உள் அறைக்குப் போயிருவா. கதவைச் சாத்திக்குவா. நான் என்ன நெனச்சேன், சரி, பாட்டுக் கேக்கறா, கேட்டுட்டுப் போறா. கரண்ட் வந்ததும் நான் இங்கேருந்து ஒரு சத்தம் குடுப்பேன். "ஏய், கரண்ட் வந்திருச்சு, தார் சுத்த வா. எங்க போய்த் தொலைஞ்சே?" அவதான் தார் சுத்துவா. தறியில குறுக்கும் மறுக்கும் ஓடற நாடாக் கட்டைக்குள்ள வெக்கிற நூலுங்க, அது இல்லாட்டித் தறி நின்னுரும். எந்த ராத்திரி எந்தப் பகல்ல கூப்பிட்டாலும் வந்துருவா. குத்தம் சொல்லக் கூடாது.

அப்பறம் தறியைக் குடுத்துட்டோம். வயசாச்சு, காதும் போச்சு, பையனும் அனுப்பறான். இனி ரெண்டு பேரும் உக்காந்து நிம்மதியாச் சாப்பிடலாம்னு நெனச்சேன். தறி நின்ன பொறகுதானுங்க வீட்டுல நாங்க ரெண்டு பேர் இருக்கறதே தெரிஞ்சுது. அத்தனை அமைதி. நான் எங்கயும் போறதில்லை, முழுக்க வீட்டுலதான். டிவி பாப்பேன். அவளுக்கும் நல்லதுதானே, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்குது. ஆனா பாருங்க, அப்பறம் அவ அந்த உள் அறைக்குப் போறதே இல்லை. தறி ஓடின காலமெல்லாம் கூட இருந்தவ, ஓய்வா உக்காரற காலத்துல கெளம்பிப் போறா. இதை யாருகிட்டப் போயிச் சொல்றது?

அந்த நாள் மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது. கொடுமுடில ஒரு கல்யாணம், வண்டில போனோம். எனக்கு வண்டி ஓட்டறப்பப் பட்டிமன்றக் கேசட் ஓடணும். ஒரு கேசட் வெச்சிருக்கேன், குடும்பம் நல்லா இருக்கறதுக்குக் காரணம் ஆம்பளையா பொம்பளையான்னு. ரொம்ப அருமையாப் பேசியிருப்பாங்க. எனக்கு மனப்பாடம். அவளுக்கும் மனப்பாடமாத்தான் இருக்கும், எத்தனை வருசமாக் கேக்கறா.

அன்னைக்கு வண்டில ஏறினதும் மடியிலேருந்து ஒண்ணை எடுத்தா. கேசட் மாதிரியே இருக்குது, ஆனா அதுலேருந்து ஒரு ஒயரு தொங்குது. அவங்க அண்ணன் மகளை விட்டு வாங்கி வெச்சிருக்கறா. கேசட் போடற எடத்துல இதைப் போட்டு, ஒயரை இந்தப் பொட்டில சொருகினா, பொட்டில இருக்கற பாட்டு வண்டில கேக்குமாம். எனக்கே தெரியாத விசயம், இவளுக்குத் தெரிஞ்சிருக்குது. "ஏனுங்க, இதுல நான் ஒண்ணு வெச்சிருக்கறேன். நீங்க ஒரே ஒரு தடவை கேக்கணும்"ங்கறா.

"காதுல வெக்கிற குமிழைக் குடு, அப்பறம் கேக்கறேன்"னேன்.

"அதுல உங்களுக்குக் கேக்காதுங்க. வண்டில போட்டாத்தான் சத்தமாக் கேக்கும். கண்ணாடியை ஏத்தி உட்டுக்கலாம், வெளிய யாருக்கும் கேக்காது"ங்கறா.

நான் மாட்டேன்னு சொல்லலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பட்டிமன்றம் ஓடிட்டு இருக்குது, நடுவர் தீர்ப்பு சொல்லப் போறாரு. தீர்ப்பு முடியட்டும், போட்டுக்கலாம்னேன். அவளும் சரின்னு மடியில வெச்சுக்கிட்டா. தீர்ப்பு முடியறதுக்கும் மண்டபம் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. அது யாரு குத்தம்? என்ன தீர்ப்பா? பொம்பளைதான் காரணம்னு சொல்லுவாருங்க. எல்லாப் பட்டிமன்றத்துலயும் அப்படித்தானே சொல்லுவாங்க, கைதட்டு வேணுமில்ல.

திரும்பி வர்றப்ப அவளே அதைப் போட்டுட்டா. என்னைக் கேக்கலை. பாட்டு இன்னும் ஆரம்பிக்கலை, ஒயரு கியருக்குக் குறுக்கால தொங்குது. எதுக்கால லாரி. நான் கியரை மாத்தறேன், ஒயரு கையில சுத்திக்குச்சு. ஒரே இழுப்பு. ஒயரு அந்துபோச்சு. வெடுக்குனு வந்துருச்சுங்க, வேணும்னு பண்ணலை. உசுரு முக்கியமா, பாட்டு முக்கியமா? நீங்களே சொல்லுங்க. அவ அந்த அந்துபோன நுனியைக் கையில புடிச்சுக்கிட்டே வந்தா. நான் கேசட்டை மறுபடி போட்டேன். வீடு வந்ததும் எறங்கினா, காப்பி வெச்சா, குடுத்தா. அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னா. நான்தான் பஸ் ஏத்தி உட்டேன். இந்தப் பொட்டி வண்டிக்குள்ளயே தங்கிப்போச்சு.

நவாசு, ஆச்சா? என்ன, இன்னும் பத்த வெக்கணுமா? சரி சரி, நிதானமாவே பண்ணு. அறுந்துறாமப் பண்ணு.

எங்க உட்டேன்? ஆங். ரெண்டு தடவை போனேன் தம்பி கூப்பிட. மொதத் தடவை மச்சான்தான் பேசினாரு. "மாப்ளே, அவ வேற எதும் கேக்கலை. சேலை வேண்டாம், நகை வேண்டாங்கறா. வண்டில அந்தப் பாட்டுப் பொட்டி இருக்குதாம், அதை மட்டும் குடுத்து உடச் சொல்றா"ன்னாரு. அவருகிட்ட நாயத்தைச் சொன்னேன், ஊரு ஒலகத்துல எப்படி நடக்குதுன்னு சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்குதான். கேட்டுட்டே இருந்துட்டு, பொட்டியை எப்பக் குடுப்பீங்க மாப்ளேங்கறாரு.

நான் குடுக்கலை. அது என்ற கையில இருக்கற வரைக்கும் அவ வந்துதானே ஆகணும்? ரெண்டாந்தடவை போனப்ப அவளே வெளிய வந்தா. எளைச்சிருப்பான்னு நெனச்சேன், எளைக்கலை. மொகம் தெளிவா இருந்துச்சு. "ஏனுங்க, கொண்டாந்தீங்களா?"ன்னா. அந்த ஒரு வார்த்தைதான் பேசினா. இல்லை, வீட்டுக்கு வந்து எடுத்துக்கோன்னேன். அப்படியே என்னைப் பாத்தா. பொறகு உள்ள போயிட்டா. கதவைச் சாத்தலீங்க. சாத்தியிருந்தாக் கோவம்னு வெச்சுக்கலாம். தெறந்த கதவு தெறந்தபடியே கெடந்துச்சு, அவ வரலை. நான் வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

பையன்கிட்டச் சொன்னேன். "அம்மா இஷ்டம்ப்பா"ன்னு வெச்சுட்டான்.

வீட்டுக்குள்ள இருக்க முடியலை தம்பி. நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. டிவியை உச்சத்துல வெச்சாலும் வீடு நெறைய மாட்டேங்குது. கேசட் போட்டா, பட்டிமன்றத்துல அவங்க சிரிக்கறாங்க, எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு நாள், பழைய பழக்கத்துல, "ஏய், எங்க போய்த் தொலைஞ்சே?"ன்னு கத்திட்டேன். கத்தினது எனக்கே கேட்டுச்சு. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டேன்.

அப்பத்தான் யோசிச்சேன். அவ கேக்கறது என்ன? பாட்டு. அதுக்குத்தானே இத்தனை வருத்தம்? வண்டிலயே மாட்டிக் குடுத்துட்டாப் போச்சு. இனி அறுந்து போகாத ஒயரு. அவ ஏறி உக்காரணும், நான் இதைச் சொருகணும், பாட்டு ஓடணும். அப்பறம் ஏன் வரமாட்டேங்கறா? அப்பவும் வரலைன்னா… வர மாட்டாளோன்னு தோணாம இல்லை. தோணுது. நெறையத் தோணுது. இதுக்கு மேல என்ற கிட்ட ஒண்ணும் இல்லீங்க, இதுதான் கடைசி.

இந்தா நவாசு, ஆச்சா? வந்துட்டியா? இந்தா பொட்டி, சொருகிப் பாரு. கதவு தெறந்தே இருக்கட்டும், இங்கயே கேக்கும். சத்தத்தைக் கூட்டு. இன்னும். இன்னும் கூட்டுப்பா, எனக்குக் கேக்கணுமில்ல.

ஆங், வருது. கேக்குது.

யாரோ ஒரு பொம்பளை பாடறாங்க பாருங்க. மேளம் இல்லை, தாளம் இல்லை, வெறும் வாய்ப்பாட்டு. என்ன பாட்டு இது? எனக்குப் பாதிதான் புடிபடுது. நீங்க சொல்லுங்க. "ஆத்துல தண்ணி வந்தா அங்க போவேன், அடுப்புல பால் பொங்கினா எங்க போவேன்." அப்படியா பாடறா? நல்லாத்தான் இருக்குது. சினிமாப் பாட்டு இல்லை. எந்தப் படத்துலயும் கேட்டதில்லை. கொரல் என்னமோ… இருங்க. சும்மா இருங்க ஒரு நிமிசம்.

இல்லை, தெரியலை. எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு, போயிருச்சு.

அட, பின்னாடி கேக்குதா? தடக்கு தடக்குனு? அது தறிச் சத்தமுங்க. எனக்குத் தெரியாதா? இது நம்ம பக்கத்துல எவளோ தறிக்காரி பாடினது. கரண்ட் வந்திருச்சு போல. எவனோ ஒருத்தன் கத்தறான் கேட்டீங்களா? என்ன கத்தறான், தார் சுத்தவா? இவனும் நம்மளை மாதிரியே கத்தறான் பாருங்க. எல்லாத் தறிக்காரனுக்கும் ஒரே தொண்டைதான். அந்தப் பொம்பளை அப்படியே நிறுத்திட்டா. பாவம். வரியைக்கூட முடிக்கலை. முடிக்க உட்டிருக்கலாம் அந்த ஆளு.

அடுத்ததைப் போடு நவாசு. இதுலயும் அவளேதானா? அடுத்தது? அதுலயும் கடைசில அவன் கத்தறானா? என்ன நவாசு, இதுல எல்லாமே இந்த அம்மாதானா? பேரே இல்லையா, வெறும் நம்பர்தான் இருக்குதா? நல்ல பாட்டு ஒண்ணுகூட இல்லையா?

புரிஞ்சு போச்சுங்க. பையன் வாங்கியாந்தப்பவே கடைக்காரன் கண்ட கழுதையையும் ஏத்திக் குடுத்திருக்கறான். இல்லாட்டி அவங்க அண்ணன் மக யாருகிட்டயாவது வாங்கி ஏத்தியிருப்பா. இதைத்தான் இத்தனை நாள் கதவைச் சாத்திட்டுக் கேட்டுட்டு இருந்திருக்கறா, பாவம். வேற பாட்டு ஏத்திக் குடுக்க ஆளில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நவாசு, உன் கம்ப்யூட்டர்ல பழைய பாட்டு இருக்குதில்ல? நல்ல டூயட்டா ஏத்திக் குடு. ஆயிரம் பாட்டு ஏத்து. என்ன, எடம் இல்லையா? பழசை அழிச்சாத்தான் புதுசு ஏறுமா? அழி.

ஏனுங்க தம்பி கையைப் புடிக்கறீங்க? இருங்க, அவன்கிட்டப் பேசிட்டு வர்றேன்.

என்ன நவாசு? வேற எங்கயாவது எடுத்து வெக்கட்டுமான்னா? எதுக்கு? யாரோ ஒரு பொம்பளை பாடினதை எடுத்து வெச்சு நான் என்ன பண்றது? நல்லாப் பாடறாங்கதான், இல்லைங்கலை. அதுக்காக? நீ எல்லாத்தையும் அழிச்சுட்டு ஏத்து. ஒண்ணு உடாம அழி. பாதி அதுவும் பாதி இதுவுமா இருந்தா அவளுக்குத் தேடிப் போடத் தெரியாது.

இப்பச் சொல்லுங்க தம்பி. என்ன, கத்தறீங்க? மெதுவாச் சொல்லுங்க. அட, நவாசு கடைக்குள்ள போயி என்னமோ பாட்டைப் போட்டுட்டான், அதுல ஒண்ணும் கேக்கலை. கையைக் கையை ஆட்டறீங்க, எனக்கு ஒரு எழவும் புரியலை. கொஞ்சம் பொறுங்க, பாட்டு முடியட்டும்.

ஆச்சா? ஏறிருச்சா? எல்லாம் அழிஞ்சுதா? சொருகிக் காட்டு. ஆங், இதுதான் பாட்டு. எப்படித் தாளம் அதிருது பாருங்க, சீட்டு வரைக்கும் வருது. இந்தப் பாட்டைக் கேட்டா கல்லுகூட எழுந்து வந்து வண்டில ஏறும்.

வர்றனுங்க தம்பி. இருட்டறதுக்குள்ள கோபி போயிரணும். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க, நான்தான் பேசிட்டே இருந்துட்டேன். மொகம் ஏன் அப்படி இருக்குது? ஹாரன் இப்ப ஆயிருமுங்க, கவலைப்படாதீங்க.

கடைசில, அவ வாயைத் தெறந்து கேட்டது இது ஒண்ணைத்தானுங்க. நெறச்சுக் கொண்டு போறேன்.